சிவப்பு ஐ.சி.யும் ஆறு பத்து ரயிலும்

கருப்பாயி பதினோரு வருடம் புருஷன் பெயரில்தான் ரயில் ஏறினாள். அவளிடம் இருந்த பாஸில் அவள் பெயர் கிடையாது. 'இஸ்திரி சிவசாமி', அதாவது சிவசாமியின் மனைவி என்று மலாயில் டைப் அடித்து, கீழே பழைய ஸ்டேசன் மாஸ்டர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருப்பார். ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்கு அவ்வளவு போதும் என்றிருந்த காலம் அது. டிக்கட் பார்ப்பவர்கள் அந்தப் பாஸைக் கையில் வாங்கிப் பார்த்ததுகூட இல்லை. சாப்பாட்டுக் கூடையோடு அவள் எந்தப் பெட்டியில், எந்த ஜன்னல் பக்கம் உட்காருவாள் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

சிவசாமிக்குக் கம்பிச்சடக்கில், ரயில் பாதையில், கேங் வேலை. கிம்மாஸிலிருந்து ரெம்பாவ் வரைக்கும் அவன் சுத்தியல் படாத தண்டவாளம் இல்லை என்று சொல்லலாம். மழையில் அரித்த இடத்தில் கல் கொட்டுவான், உளுத்துப்போன சிலீப்பர் கட்டையைப் பெயர்த்துப் புதுக்கட்டை போடுவான். இருபத்தேழு வருடம் அப்படிப் போனது. தொண்ணூற்றாறில் ஒரு தொகையைக் கொடுத்து, விருப்பப்பட்டு ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதுகுவலியோடு இருந்தவன் விருப்பப்பட்டுவிட்டான். அன்று முதல் வீட்டில்தான் இருந்தான். கோழி வளர்த்தான், மரவள்ளி நட்டான், கோப்பிக் கடையில் பேப்பர் பார்த்தான்.

வீடு புலாவ் செபாங்கில், சடக்கை ஒட்டிய மலிவு வீட்டு வரிசையில் இருந்தது. அந்த ஊர் ஒரு வேடிக்கை. நாலு எட்டு வைத்தால் நெகிரி செம்பிலான் மாநிலம் வந்துவிடும், அங்கே ஊர்ப் பெயர் தம்பின். ஸ்டேசன் நிற்பது மலாக்கா மண்ணில், பலகையில் எழுதியிருப்பது தம்பின் என்று. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கருப்பாயி வேலை செய்தது சிரம்பானில் ஒரு துணி வெளுக்கும் பாக்டரியில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வரும். அவளும் குஞ்சம்மாவும் பெரிய இஸ்திரி உருளையில் ஜோடி. ஈர விரிப்பின் ஒரு மூலையை இவள் பிடிக்க, மறு மூலையை அவள் பிடிக்க, இருவரும் ஒரே சமயத்தில் உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தி அரை விநாடி பிந்தினால் துணி கோணிக்கொள்ளும், ஆவி முகத்தில் அடிக்கும். இருவர் மணிக்கட்டிலும் சுட்ட தழும்பு வளையல் மாதிரி இருந்தது. ஜோடியில் ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவளுக்கும் அன்றைக்கு உருளையில் வேலை இல்லை. குஞ்சம்மாவும் புலாவ் செபாங்காரிதான். காலை ஆறு பத்து ரயிலில் இருவரும் சேர்ந்து போய், சாயங்காலம் சேர்ந்து திரும்புவார்கள். போகும்போது குஞ்சம்மா தூங்குவாள், கருப்பாயி ஜன்னலில் ரப்பர் காடும் செம்பனையும் மாறி மாறி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாலுக்காகக் கீறிய ரப்பர் மரங்களைப் பார்த்தால் எந்த மரத்தில் வெட்டியவர் கை சுத்தம் என்று அவளால் சொல்ல முடியும். ரெம்பியா பக்கத் தோட்டத்தில் கல்யாணம் ஆகும்வரை பால்மரம் வெட்டியவள்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்துக்கு முன்னால் அந்த ரயில் கைமாறியது. தண்டவாளம் பழையவர்களிடமே இருக்கும், காலையும் மாலையும் ஓடும் வேலையாள் ரயிலை மட்டும் புதுக் கம்பெனி ஒன்று நடத்தும் என்று சொன்னார்கள். ஏர்கண்டிஷன் பெட்டி வந்தது. ஸ்டேசன் வாசலில் இரும்புக் கையை நீட்டிக்கொண்டு இரண்டு மிஷின்கள் நின்றன. பழைய பாஸ் செல்லாது என்று மலாயிலும் தமிழிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். நவம்பர் ஒன்றாம் தேதி முதல் ஆறு பத்து ரயிலில் கார்டு உள்ளவர்கள் மட்டும்தான் ஏறலாம். கார்டை மிஷின் மேல் வைத்தால் வழி விடும். கார்டில் படம் இருக்கும், பெயர் இருக்கும், ஐ.சி. என்கிற அடையாளக் கார்டின் நம்பர் இருக்கும். கார்டு எடுக்க ஐ.சி.யோடு கவுண்டருக்கு வர வேண்டும்.

கருப்பாயி ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, படம் எடுக்கிறார்களே என்று நல்ல சட்டை பாவாடையைப் போட்டுக்கொண்டு போனாள். கவுண்டரில் ஹரிதாஸ் என்ற பையன் இருந்தான். பாயா ரும்புட்காரன், கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் புதுக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். அவள் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்த ஐ.சி.யை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், மறுபடியும் ஐ.சி.யைப் பார்த்தான்.

"ஆண்டி, உங்களுக்குச் சிவப்பு ஐ.சி.யா?"

"ஆமாலா. எங்க அப்பா பொறப்புப் பதியல, சின்ன வயசிலேர்ந்து அதான்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கம்ப்யூட்டரில் இரண்டே கட்டம்தான் இருக்கிறது என்றான். ஒன்று குடிமக்களுக்கு, அதற்கு நீல ஐ.சி. வேண்டும். இன்னொன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, அதற்குப் பாஸ்போர்ட் நம்பர் வேண்டும். சிவப்பு ஐ.சி.க்குக் கட்டமே வைக்கவில்லை. கோலாலம்பூருக்குப் போன் போட்டான். அங்கே பேசியவர் சிவப்பு என்றால் என்ன என்று கேட்டார். இந்த நாட்டிலேயே தங்கியிருக்க உரிமை உண்டு, ஆனால் குடியுரிமை இல்லை என்று இவன் விளக்கினான். பார்த்துச் சொல்கிறோம் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க ஆண்டி, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவளுக்குப் பின்னால் பங்களாதேஷ் பையன்கள் மூன்று பேர் பச்சைப் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட இருக்காது. ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் கார்டை வாங்கிக்கொண்டு, ஒருவன் கார்டை ஒருவன் பார்த்துச் சிரித்தபடி போனார்கள். கருப்பாயிக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது யார் மேல் கோபப்படுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

சிவசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டியா என்றான். ஓய்வு பெற்ற ரயில்வே ஆட்களுக்குப் புதுக் கம்பெனி சும்மாவே ஒரு கார்டு கொடுத்திருந்தது. அதில் அவன் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் சாமிமேடையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான்.

"இத வச்சுப் போ. மிஷின் என்னா மூஞ்சியப் பாத்தா கதவத் தொறக்குது?"

மகள் தேவமலர் தம்பினில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். வேண்டாம்மா, பிடிச்சா கேஸாயிரும் என்றாள். ஆனால் வேறு வழியையும் அவளால் சொல்ல முடியவில்லை.

சிவசாமி சொன்னது சரியாகத்தான் இருந்தது. மிஷின் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து வாரம் கருப்பாயி அந்தக் கார்டை வைத்து ஏறினாள், இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் படம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்துத்தான் வைப்பாள். முன்பெல்லாம் டிக்கட் பார்க்கிறவர் வந்தால் பசியாறிட்டீங்களா என்று கேட்பாள். இப்போது யூனிபாரத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் உட்காருவதையும் விட்டுவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலையில் கட்டிக்கொண்டு போன சோற்றைக் கோழிக்குப் போட்டாள். குஞ்சம்மா கேட்டதற்கு, அல்சர் மாதிரி இருக்கு என்று சொல்லி வைத்தாள்.

டிசம்பர் முதல் வாரம் சிரம்பானில் பிடித்தார்கள். மிஷினுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் நின்று கார்டையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குஞ்சம்மா முன்னால் தாண்டிப் போய்விட்டாள். கருப்பாயிக்குத் திரும்ப வழியில்லை, பின்னால் கூட்டம் தள்ளியது. இளவயது மலாய்க்காரர் ஒருவர் கார்டை வாங்கினார். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. இது யார் என்று கேட்டார். புருஷன் என்றாள். அவளுடைய ஐ.சி.யைக் கேட்டார். சிவப்பைப் பார்த்ததும், வேலை பெர்மிட் இருக்கிறதா, பாஸ்போர்ட் எங்கே, இந்தியாவிலிருந்து எப்போது வந்தாய் என்று வரிசையாகக் கேட்டார். வரவில்லை, இங்கேதான் பிறந்தேன் என்று அவள் சொன்னாள். அவர் நம்பாமல் இல்லை. ஆனால் அவர் கையிலிருந்த அச்சடித்த பாரத்திலும் அதற்கு இடம் இருக்கவில்லை போலும். அறையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து அவள் கண் முன்னாலேயே கார்டை வெட்டினார்கள். சிவசாமியின் முகம் மூக்கோடு இரண்டாகிக் குப்பைத்தொட்டியில் விழுந்தது.

பாக்டரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது உருளையில் அவளுடைய இடத்தில் ஓர் இந்தோனேசியப் பெண் நின்றிருந்தாள். குஞ்சம்மா இவளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி துணியை உள்ளே விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கருப்பாயியைத் துண்டு மடிக்கும் அறைக்குப் போகச் சொன்னார்கள்.

சாயங்காலம் பஸ் மாறி மாறி வீட்டுக்கு வந்தபோது மழையில் நனைந்திருந்தாள். தேவமலர் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். நடந்ததைக் கருப்பாயி நின்றபடியே சொன்னாள். சிவசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

"என் கார்ட வெட்டிட்டானா?"

அவன் எழுந்து அங்குமிங்கும் நடந்தான். இருபத்தேழு வருசம் மழையிலும் வெயிலிலும் அந்தச் சடக்கில் கிடந்தவன் கார்டை எவனோ நேற்று வந்தவன் வெட்டுவதா என்றான். ஸ்டேசனுக்குப் போய்க் கேட்கிறேன் என்றான். பிறகு, கொஞ்சம் உஷாரா இருந்திருக்கக் கூடாதா என்று அவளைக் கேட்டான். நீல ஐ.சி. மட்டும் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, என்ன செய்வது, அதுக்கும் நமக்கும் ராசி இல்லை, அன்றைக்கென்று பார்த்து ரயில் தடம் புரண்டுவிட்டது என்றும் சொன்னான்.

அது எழுபத்தொன்பதில் நடந்தது. அப்போது பத்தாங் மலாக்காவில் கேங் வீட்டில் இருந்தார்கள். குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, அலோர் காஜாவுக்கு மலாய்ப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. புருஷன் தன் ஐ.சி.யோடு கூட வர வேண்டும். அவன் காலை வேலையை முடித்துவிட்டு நேராக ஸ்டேசனுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். கைக்குழந்தை தேவமலரோடு அவள் போய்க் காத்திருந்தாள். அவன் வரவில்லை. இருட்டிய பிறகு வந்து, ரெம்பாவ் பக்கம் கூட்ஸ் வண்டி தடம் புரண்டுவிட்டது, கேங்கை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வீட்டில் அது அப்படியே நிலைத்துப்போன கதை.

கருப்பாயி ஈரத்துணியோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஒண்ணும் தடம் பொரளல," என்றாள்.

சிவசாமி நின்றான்.

"நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த ஸ்டேசன்லதானே உக்காந்திருந்தேன். சிரம்பான் பக்கமிருந்து நாலு வண்டி வந்துச்சு. எல்லாம் டைமுக்கு வந்துச்சு. ரெம்பாவ்ல பொரண்டிருந்தா எப்படி வரும்? கேங்காரன் பொண்டாட்டிக்கு அது தெரியாதா?"

தேவமலர் அடுப்படியிலிருந்து வந்து வாசல்படியில் நின்றாள். சிவசாமி மகளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். வெளியே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவன் மறுத்துப் பேசுவான் என்றுதான் கருப்பாயி நினைத்தாள்.

"சம்பள நாள்," என்றான் கடைசியில். "கள்ளுக்கடையில உக்காந்துட்டேன். இன்னொரு நாள் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

"கூப்பிடல."

"அப்பவே ஏன் கேக்கல நீ?"

"கேட்டு என்னா ஆகப் போகுது. பாஸ்ல உங்க பேரு இருந்துச்சு, ஏறிக்கிட்டேன். இன்னைக்குத்தான் என் பேரக் கேக்குறாங்க."

தேவமலர் சோற்றைப் போட்டு இருவர் முன்னாலும் வைத்தாள். கருப்பாயி சாப்பிட்டாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஹரிதாஸ் வீடு தேடி வந்தான். கோலாலம்பூரிலிருந்து இன்னும் பதில் இல்லை, அவனுக்கும் மனது கேட்கவில்லை. ஒரு வழி இருக்கிறது என்றான். இரண்டாவது கட்டத்தில் நாடு என்கிற இடத்தில் இந்தியா என்று போட்டு, பாஸ்போர்ட் நம்பருக்கு அவளுடைய ஐ.சி. நம்பரையே போட்டால் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பேருக்கு அப்படிச் செய்து பார்த்துவிட்டான். கார்டு மஞ்சளாக வரும், மூலையில் வெளிநாட்டவர் என்று சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். நாளைக்கே ஆறு பத்து ரயிலில் ஏறலாம்.

சிவசாமிக்கு அது சரி என்று பட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தியாவுல எந்த ஊருன்னு கேட்டா என்னா தம்பி சொல்றது?" என்று கேட்டாள் கருப்பாயி.

"யாரும் கேக்க மாட்டாங்க ஆண்டி. சும்மா ஒரு பார்மாலிட்டி."

"எங்க அப்பாவுக்கே சரியாத் தெரியாது. சேலம் பக்கம்னு சொல்வாரு." அவள் கோப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள். "வேணாம் தம்பி. அத நானே எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எவன் கேட்டாலும் அதான் பேசும். நீ நல்லதுக்குத்தான் சொல்ற, எனக்குத் தெரியும்."

ஹரிதாஸ் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது, குடியுரிமைக்கு மறுபடியும் எழுதிப் போடுவதென்றால் பாரத்தை அவனே டைப் அடித்துத் தருவதாகச் சொன்னான். சொன்னபடி அடித்தும் கொடுத்தான்.

அதன் பிறகு ஏழு மாதம் கருப்பாயி பஸ்ஸில் போனாள். ஐந்தே கால் பஸ்ஸில் ரெம்பாவ், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சிரம்பான். மழை நாளில் எட்டரை ஆகிவிடும். உருளைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை, துண்டு மடிப்பிலேயே இருந்தாள். சம்பளமும் குறைந்தது. குஞ்சம்மா ரயிலில் போவதால் இருவரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்துக்கொண்டார்கள். பேச முன்பு போல ஒன்றும் இருக்கவில்லை.

ஜூலையில் மலாக்காவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. சிவசாமி அன்றே மகளிடம் கேட்டு ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி வாங்கி, கருப்பாயி மீன் கழுவும்போதும் சோறு வடிக்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான். நாட்டுக் கோட்பாடுகள் ஐந்து. அவனே மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றிச் சொல்லுவான், அவள் திருத்துவாள். ஏன் குடியுரிமை வேண்டும் என்று கேட்டால், இந்த நாட்டின் மேல் எனக்கு அன்பும் விசுவாசமும் உண்டு என்று சொல்ல வேண்டும். அதை மலாயில் இருபது முப்பது தடவை சொல்ல வைத்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் அவன் தன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டியிருந்ததை அவள் பார்த்தாள்.

"நீங்க வர வேணாம்," என்றாள். "ஐ.சி. காப்பி மட்டும் குடுங்க, இப்ப அது போதுமாம். நீங்க வர்றேன்னா நான் உள்ள உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவன் சட்டையை எடுத்து மடித்து வைத்தான்.

மலாக்கா ஆபீசில் அவளைக் கூப்பிடப் பதினொன்றரை ஆகிவிட்டது. முக்காடு போட்ட ஓர் அம்மாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேள்வி கேட்டாள். பெயர், வயது, பிறந்த இடம். ரெம்பியா என்றாள். வேலை. துண்டு மடிப்பது என்றாள். கோட்பாடுகளில் நாலு சரியாக வந்தன, ஒன்று வரவில்லை. பரவாயில்லை என்று அந்த அம்மாள் அடுத்ததற்குப் போனாள். ஏன் குடியுரிமை வேண்டும்?

கருப்பாயி வாயைத் திறந்தாள். முப்பது தடவை சொன்னது வரவில்லை. மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நாக்கு நுனியில் அது இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் சிவசாமி சொல்வதாக இருக்கும் என்று தோன்றியது.

"சாயா மாவு நாயிக் கெரேத்தா அப்பி," என்றாள். எனக்கு ரயில் ஏற வேண்டும்.

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினாள். எந்த ரயில் என்று கேட்டாள்.

கருப்பாயி தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். தோட்டத்து மலாய், சந்தையில் பேசும் பசார் மலாய் எல்லாம் கலந்து வந்தது. காலை ஆறு பத்து ரயில். கம்ப்யூட்டரில் இரண்டு கட்டம். புருஷன் கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டியது. இந்தியா என்று போடச் சொன்னது, தான் வேண்டாம் என்றது. அந்த அம்மாள் குறுக்கே பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடியும் மாட்டிக்கொண்டு, பாரத்தில் இரண்டு மூன்று வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று கருப்பாயிக்குத் தெரியவில்லை. கடிதம் வரும், பொறுமையாக இருங்கள், மக்சிக் என்று, அத்தை என்கிற மாதிரி கூப்பிட்டு, அதை மட்டும் சொல்லி அனுப்பினாள்.

புலாவ் செபாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாலு மணி. மழை பெய்துகொண்டிருந்தது. சிவசாமி கோப்பிக் கடையோரம் குடையோடு நின்றிருந்தான். காலும் கால்சட்டையும் நனைந்திருந்ததைப் பார்த்தால் அவன் வெகு நேரமாக நிற்பது தெரிந்தது.

"சொல்லிக் குடுத்ததச் சொன்னியா?"

"இல்ல. ரயில் ஏறணும்னு சொன்னேன்."

அவன் அவளையே பார்த்தான். மழைத்தண்ணீர் அவர்களுக்கு நடுவே சாக்கடைக் காணில் சுழித்துக்கொண்டு ஓடியது.

"அத எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

குடை சின்னது. அவன் அதை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கித் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் நனைந்துகொண்டே பின்னால் வந்தான். கடிதம் எப்போது வரும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது.